சஹ்ரானைத் தவறவிட்டார்கள், கவிஞரைப் பிடித்தார்கள்



இந்த வார எபிசோட் கொஞ்சம் நீளம். கேட்க நேரமில்லாதவர்கள் இந்தக் கடிதத்தை மட்டும் வாசித்தாலும் போதும். கேட்டவர்களும் வாசியுங்கள், ஏனெண்டால் மைக்குக்கு முன்னால் சொல்லத் தயங்கின ஒரு விஷயம் இதில் இருக்கு.

மூன்று மாதத்துக்கு முந்தி யூடியூபின் ரெக்கமெண்டேஷன் பற்றி ஒரு எபிசோட் செய்தோம். 'அம்மான்ர யூடியூப் ஏன் வடிவேலுவை விட்டு வெளிய வருகுதில்லை' எண்டு பகிடியோட முடிச்சோம். அடுத்த நாள் காலையில் ஒரு மெயில். எழுதினது மொன்றியலில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் முஸ்லிம் பிள்ளை. அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்:

"அண்ணா, என்ர தம்பிக்கு 17 வயசு. காசா வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினான். அது பிழையில்லை, நாங்கள் எல்லாரும் பார்த்து அழுதனாங்கள். ஆனா இப்ப வேற ஆரோ பேசுற வீடியோ பார்க்கிறான். பள்ளிவாசல் இமாமைக் கோழை எண்டு சொல்றான். உம்மா வாப்பா சரியான முஸ்லிம் இல்லையாம். டெலிகிராமில ஒரு குரூப்பில சேர்ந்திருக்கிறான், கேட்டா போனை மறைக்கிறான். ஆருக்காவது சொன்னா பொலிஸ் ஃபைல் திறந்திடுவாங்களோ எண்டு பயமா இருக்கு. நீங்கள் டெக் ஆள்தானே, என்ன செய்யலாம்?"

நான் கர்க்லாண்டில் பேஸ்மென்டில் இருந்து வேலை செய்கிற ஐடி கொன்ட்ராக்டர். டிக்கெட் வந்தால் மூடுகிறதுதான் என் தொழில். அந்த மெயிலையும் டிக்கெட் மாதிரியே மூடினேன். போனைக் கண்காணிக்கிற ஒரு ஆப்பின் பெயரை எழுதி, எப்படிப் போடுவது எண்டு ஐந்து வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். பெருமையாகவும் இருந்தது.

அது எவ்வளவு பெரிய பிழை எண்டு பிறகுதான் தெரிந்தது. அதுக்கு வர முன்னம் நான் இந்த மூன்று மாதத்தில் வாசித்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து எயார்போர்ட்டில்

இது எங்கயோ தூரத்துக் கதை எண்டு நினைக்க வேண்டாம். 2015 ஜனவரியில் மொன்றியல் பகுதியிலிருந்து சில இளைஞர்கள் சிரியாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் பலர் கொலேஜ் த மெசொன்னேவ் எண்ட சீஜெப்பில் படித்தவர்கள். அதே வருஷம் மே மாதம் இன்னும் பத்துப் பேரை ட்ரூடோ விமான நிலையத்தில் தடுத்து, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தார்கள். கர்க்லாண்டிலிருந்து நாற்பதில் ஏறினால் கால் மணித்தியாலத்தில் போகிற அதே எயார்போர்ட். நாங்கள் கோடை லீவுக்குக் கொழும்புக்குப் போகிற இடம்.

போனவர்கள் ரவுடிகள் இல்லை. கியூபெக்கில் படித்த, பிரெஞ்சு பேசுகிற, எங்களைப் போல இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். 2013இல் அரச ஊழியர்கள் மத அடையாளங்கள் அணியக் கூடாது எண்டு இங்கே ஒரு சாசன விவாதம் நடந்தது ஞாபகமா? அந்த விவாதத்தில் 'நீ இந்த ஊர் ஆள் இல்லை' எண்டு உணர்ந்த பிள்ளைகள் உண்டு. அதையும் ஒரு பின்னணியாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2015இலேயே மொன்றியலில் வன்முறைக்குக் கொண்டுபோகிற தீவிரமயமாதலைத் தடுக்க ஒரு நிலையம் திறந்தார்கள். அது பொலிசுக்கு வெளியே இருக்கிற நிலையம். பெற்றோர், ஆசிரியர் எவரும் கூப்பிட்டுக் கதைக்கலாம். இந்த விவரத்தை மனசில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேணும். 2017 ஜனவரி 29 அன்று கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுது கொண்டிருந்த ஆறு பேரைச் சுட்டுக் கொன்றவன் முஸ்லிம் இல்லை. முஸ்லிம்கள் மேல் வெறுப்பை இணையத்தில் தேடித் தேடி வாசித்த, கியூபெக்கில் பிறந்த ஒருவன். உள்ளே போகிற பொருள் வேறாக இருந்தாலும் குழாய் ஒன்றுதான்.

தமிழில் பேசின ஆள்

ஆனால் எங்களுக்கு மிகக் கிட்டின கதை காத்தான்குடியில் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சியோனில் செத்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து வெளியில் நின்ற பிள்ளைகள். தலைமை தாங்கின சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடிக்காரர். படித்த மதரசாவிலிருந்து நீக்கப்பட்டவர். பிறகு தேசிய தவ்ஹீத் ஜமாஅத் எண்ட குழுவை ஆரம்பித்தவர்.

அவர் பிரசங்கம் செய்தது தமிழில். யூடியூபிலும் பேஸ்புக்கிலும் ஆர் வேணுமெண்டாலும் பார்க்கலாம். நீங்களும் நானும் சப்டைட்டில் இல்லாமல் விளங்கிக் கொள்ளக்கூடிய தமிழ். அந்த வீடியோக்களை முதலில் பார்த்துப் பயந்தது வேறு ஆரும் இல்லை, காத்தான்குடி முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் அவரது ஆட்கள் சூஃபி வழி நிற்கிறவர்களோடு வாளோடு மோதினார்கள். ஊர் மக்கள் முறைப்பாடு செய்தார்கள், ஊர்வலம் போனார்கள், கடிதம் எழுதினார்கள். சஹ்ரான் தலைமறைவானார். வீடியோ தலைமறைவாகவில்லை. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. அதையும் பெட்டிக்குள் வைத்தார்கள். 2023 ஜனவரியில் இலங்கை உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேணும் எண்டு தீர்ப்பளித்தது.

குண்டு கட்டினவர்களில் பணக்கார வாசனைத் திரவிய வியாபாரி ஒருவரின் இரண்டு மகன்மார் இருந்தார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்த ஒருவர் இருந்தார். வறுமையால்தான் போகிறார்கள், படிப்பில்லாததால்தான் போகிறார்கள் எண்ட இரண்டு சுகமான விளக்கமும் இதோடு போச்சு.

அந்த வீடியோ என்ன செய்யுது?

இப்படியான பிரசாரத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற பாகங்கள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சாதாரணமானவை.

முதல் பாகம் உண்மையான காயம். பொய்யில் தொடங்க மாட்டார்கள். குண்டு விழுந்த வீடு, செத்த பிள்ளை, எல்லாம் உண்மை. பார்க்கிறவனின் கோபமும் நியாயம். இரண்டாவது, உலகத்தை 'நாங்கள், அவர்கள்' எண்டு இரண்டாக வெட்டுவது. மூன்றாவது வெட்கம்: 'இதைப் பார்த்துக்கொண்டு நீ சும்மா இருக்கிறாய்.' நாலாவது, இடையில் நிற்கிறவர்களை அழிப்பது. உன் இமாம் விலைபோனவர், உன் பெற்றோர் கோழைகள், உன் நண்பர்கள் உலக ஆசையில் கிடக்கிறவர்கள். கடைசியாக ஒரு கதவு: 'இங்க வேண்டாம், தனியாக் கதைப்பம்.'

காசாவைப் பார்த்துக் கோபப்படுகிற பிள்ளை முதல் பாகத்தில் நிற்கிறது. அங்கே நிற்கிறவர்கள் கோடிக்கணக்கானவர்கள், நானும் அதில் ஒருவன். அது நோய் இல்லை. அந்தத் தங்கச்சி எழுதின மெயிலைத் திருப்பிப் பாருங்கள். இமாம் கோழை, உம்மா வாப்பா சரியில்லை, மூடின குரூப். அவள் தன்னை அறியாமல் நாலாவதையும் ஐந்தாவதையும் எழுதியிருந்தாள்.

அல்கோரிதத்தை மட்டும் திட்டலாமா?

எங்கட பொட்காஸ்டில் நாங்கள் அல்கோரிதத்தைத் திட்டினால் லைக் கூட வரும். ஆனால் நியாயமாகக் கதைப்பம்.

2018இல் யூடியூபின் ஒரு அதிகாரி, பார்க்கப்படுகிற நேரத்தில் 70 வீதத்துக்கு மேல் ரெக்கமெண்டேஷனால் வருகுது எண்டு சொன்னார். 2019 ஜனவரியில் எல்லைக்கோட்டு வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைக்கப் போகிறோம் எண்டு அறிவித்தார்கள். முதலில் அமெரிக்காவில், சிறிய அளவில். மூன்று மாதத்தில் உயிர்த்த ஞாயிறு வந்தது. தமிழ் அந்த வரிசையில் எங்கே நின்றிருக்கும் எண்டு நீங்களே யோசியுங்கள்.

அதே நேரம், அமெரிக்கப் பார்வையாளர்களை வைத்து 2023இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. தீவிரவாத சனல்களைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் அல்கோரிதம் இழுத்து வந்தவர்கள் இல்லை. ஏற்கெனவே சப்ஸ்கிரைப் செய்தவர்கள், அல்லது வேறு இடத்தில் கிடைத்த லிங்க்கால் வந்தவர்கள். அந்த லிங்க்கை ஒரு மனிதர் அனுப்பியிருப்பார். சஹ்ரானின் வட்டத்தைப் பாருங்கள். சொந்தச் சகோதரர்கள், மச்சான்மார், வகுப்பில் சேர்ந்த பெடியன்கள். வீடியோ கதவைத் திறக்கும். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவது ஆள்தான்.

என் சொந்த ஃபில்டர்

இப்ப என் பாவமன்னிப்பு. சில வருஷத்துக்கு முந்தி ஒரு நிறுவனத்துக்கு, பெயர் வேண்டாம், தமிழ்ப் பதிவுகளை வடிகட்டுகிற ஒரு சிஸ்டத்தில் ஆறு மாதம் கொன்ட்ராக்ட் செய்தேன். ஒரு சொற்பட்டியல், அதற்கு மேலே ஒரு சின்ன மொடல்.

கிளையன்ட்டுக்கு டெமோ காட்டின அன்று அழகாக ஓடியது. உண்மையான பதிவுகளை விட்டவுடன் நாறியது. 'கொன்னுட்டான் மச்சான்' எண்டு ஒருத்தன் அனிருத்தின் பாட்டைப் புகழ்ந்தால் கொலை மிரட்டல். நவம்பர் மாதம் செத்த பிள்ளைக்கு ஒரு தாய் போட்ட அஞ்சலி, தீவிரவாதம். 'ஜிஹாத்' எண்ட சொல் வந்த எல்லாப் பதிவும் சிவப்பு. அதில் பாதி, நப்ஸை அடக்குவதுதான் பெரிய ஜிஹாத் எண்டு சாதாரண ஜும்ஆ பயானில் சொல்கிற வகை. தவ்ஹீத் எண்டால் ஓரிறைக் கொள்கை, அவ்வளவுதான். அந்தச் சொல்லையும் பட்டியலில் போட்டவன் நான்.

அது பிடிக்காமல் விட்டது எவை? ஆங்கில எழுத்தில் தட்டின தமிழ். படத்துக்குள் எழுதின தமிழ். பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கோப்புகள், கணினிக்கு அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஒரு கெட்ட சொல்லும் இல்லாமல், அமைதியான நல்ல தமிழில் 'அவர்களோடு பழகாதே' எண்டு சொல்லிக் கொடுக்கிற பேச்சு. அதுக்கு எங்கட ஸ்கோர் பூச்சியம்.

பெரிய கம்பனிகளிடம் நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. 2016 டிசம்பரில் பேஸ்புக், மைக்ரோசொஃப்ட், ட்விட்டர், யூடியூப் நாலும் சேர்ந்து, தெரிந்த பயங்கரவாத வீடியோக்களின் கைரேகையை, அதாவது ஹாஷை, ஒருவரோடு ஒருவர் பகிர ஒத்துக்கொண்டன. ஒரு இடத்தில் பிடிபட்டதை மற்ற இடத்திலும் அடையாளம் காணலாம். ஆனால் அது ஏற்கெனவே தெரிந்த வீடியோவைத்தான் பிடிக்கும். 2019 மார்ச் கிறைஸ்ட்சேர்ச் தாக்குதலுக்குப் பிறகு பேஸ்புக் 24 மணித்தியாலத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியது. அதில் 12 லட்சம் ஏறும்போதே நிறுத்தப்பட்டது. மிச்சம் மூன்று லட்சம் ஏறிவிட்டது. வெட்டி, ஓரம் மாற்றி, திரையைப் படமெடுத்து, நூற்றுக்கணக்கான வடிவங்களில் வந்தது. புதிதாக ஒருவர் தமிழில் செய்கிற பிரசங்கத்துக்குக் கைரேகையே கிடையாது.

கவிஞர்

மெஷினுக்கு விளங்கவில்லை, சரி. மனிதருக்கு?

2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் எண்ட மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர், கவிஞர், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். காரணம் 2017இல் அவர் வெளியிட்ட 'நவரசம்' எண்ட தமிழ்க் கவிதைத் தொகுப்பு. அதில் தீவிரவாதம் இருக்கிறது எண்டு விசாரித்தவர்கள் வாசித்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு, இது வன்முறைக்கு எதிராகப் பேசுகிற புத்தகம் ஐயா எண்டு சொன்னார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்து, 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

2019 மேயில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணை ரிமாண்டில் வைத்தார்கள். அவர் போட்டிருந்த உடுப்பில் இருந்த படம் பௌத்தத் தர்மச் சக்கரம் எண்டு. அது கப்பலின் சுக்கான் சக்கரம்.

எங்கட மொழியில் டெக்கில் இரண்டு சொல் சொல்வோம். பிடிக்க வேண்டியதை விட்டால் ஃபோல்ஸ் நெகட்டிவ், பிடிக்கக் கூடாததைப் பிடித்தால் ஃபோல்ஸ் பொசிட்டிவ். ஒரே நாடு, ஒரே மொழி. தமிழில் கொலைக்கு அழைத்தவரைப் பற்றி ஊரே சொல்லியும் கேட்கவில்லை. தமிழில் வன்முறை வேண்டாம் எண்டு எழுதினவரைப் பிடித்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் பதிவு, அதில் உண்மையில் ஆபத்தானது 100 எண்டு வைப்போம். உங்களிடம் 99 வீதம் சரியாகச் சொல்கிற மொடல் இருக்கு. ஆபத்தான நூறில் 99ஐப் பிடிக்கும், சந்தோஷம். மிச்சம் 999,900இல் ஒரு வீதத்தைப் பிழையாகப் பிடிக்கும், அது 9,999. சிவப்பு விழுந்த 10,098 பேரில் 99 பேர்தான் உண்மை. நூறு கதவு தட்டினால் தொண்ணூற்றொன்பது வீட்டில் ஒரு அப்பாவி, பயந்துபோன உம்மாவோடு நிற்பார். அந்த வீடு அதுக்குப் பிறகு ஒருநாளும் தானாக வந்து உங்களிடம் எதையும் சொல்லாது. காத்தான்குடியில் முதலில் வந்து சொன்னது அப்படியான வீடுகள்தான்.

எங்கட வீட்டு ஷோகேஸில்

வாசிக்கிற பலர் முஸ்லிம் இல்லாத தமிழர். 'இது அவங்கட பிரச்சினை' எண்டு இந்த இடத்தில் ஒரு குரல் உங்களுக்குள் சொல்லலாம். எனக்கும் சொன்னது.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுடப்பட்டார்கள். புலிகள் மறுத்தார்கள், ஆனால் தப்பினவர்கள் சொன்னது அவர்களைத்தான். அதே வருஷம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுப்பேரும் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சஹ்ரானுக்கு இதுதான் காரணம் எண்டு நான் சொல்லவில்லை, அப்படி ஒரு நேர்கோடு கிடையாது. ஆனால் கோவில் திருவிழாவில் சந்திக்கிற எங்கட தலைமுறையில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

என் அம்மாவின் தம்பி பதினாறு வயசில் ஒரு இயக்கத்துக்குப் போனவர். பள்ளிக்கூடச் சைக்கிளை நண்பன் வீட்டில் விட்டுவிட்டுப் போனாராம். அவர்கண்ட காயம் உண்மை. கோபம் நியாயம். ஆனால் பதினாறு வயசுப் பிள்ளையிடம் 'வீட்டில சொல்லாதே' எண்டு சொன்ன ஒரு பெரிய ஆள் இருந்தார். அரசியலை ஒப்பிடவில்லை, அந்த ஒரு வசனத்தை மட்டும் பாருங்கள். அம்மா இன்றைக்கும் அரசியலைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டா. "அண்டைக்கு அவன் சரியாச் சாப்பிடேல்ல, நான் ஏன் எண்டு கேக்கேல்ல" எண்டு மட்டும் சொல்லுவா.

தங்கச்சிக்கு என்ன நடந்தது

நான் சொன்ன ஆப்பை அவள் போட்டாள். மூன்றாம் நாள் தம்பி கண்டுபிடித்தான். குரூப்பில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்களாம், 'வீட்டுக்காரர் உன்னை உளவு பார்ப்பார்கள்' எண்டு. அவர்கள் சொன்னதை நான் நிரூபித்துக் கொடுத்திருந்தேன். இரண்டு கிழமை அவன் ராத்தாவோடு கதைக்கவில்லை.

அந்த மெயில் வந்த இரவு நித்திரை வரவில்லை. நியூசிலாந்தில் 2021 செப்டம்பர் 3 அன்று ஓக்லண்ட் சுப்பர்மார்க்கெட்டில் கத்தியால் குத்தினவர் நினைவுக்கு வந்தார். காத்தான்குடியில் பிறந்து, 2011இல் மாணவராகப் போனவர். அவருடைய பேஸ்புக் பதிவுகளை 2016இலேயே பொலிஸ் கவனித்தது. கடைசியில் 24 மணித்தியாலமும் பின்னால் ஆள் போட்டிருந்தார்கள். கண்காணிப்புக்குக் குறையில்லை. பிறகு வந்த மீளாய்வு, சிறையில் இருந்த காலத்தில் மறுவாழ்வுக்குப் போதுமானது செய்யப்படவில்லை எண்டு சொன்னது. அந்தப் பொலிஸ் பின்தொடர்ந்தபடியால்தான் உடனே சுட்டு நிறுத்த முடிந்தது, அது உண்மை. ஆனால் அந்த மனிதனோடு கதைக்க ஒருவர் இருந்தாரா?

அவளுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஆப்பை அவன் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன். மொன்றியல் நிலையத்தின் விவரத்தை அனுப்பினேன். அவள் தயங்கி, பெயர் சொல்லாமல் கூப்பிட்டாள். அவர்கள் முதலில் கேட்டது தம்பி என்ன வீடியோ பார்க்கிறான் எண்டு இல்லையாம். அவன் ஆரை மதிக்கிறான், ஆரோடு இன்னும் சிரிக்கிறான் எண்டு கேட்டார்களாம்.

அப்படி ஒரு ஆள் இருந்தார். முந்தி அவனுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்த, பள்ளிவாசலுக்கு ஒழுங்காப் போகிற ஒரு நானா. அவர் காசாவைப் பற்றி அவனோடு மூன்று மணித்தியாலம் கதைத்தார். கோபப்படாதே எண்டு ஒரு இடத்திலும் சொல்லவில்லை. இப்ப இரண்டு பேரும் சனிக்கிழமையில் ஒரு நிவாரண அமைப்புக்குப் பெட்டி அடுக்கப் போகினம்.

குரூப்பை விட்டானா? தெரியாது எண்டு எழுதியிருக்கிறாள். ஆனால் போன கிழமை தானாகவே ஒரு வீடியோவைக் கொண்டு வந்து, "ராத்தா, இந்த ஆள் சொல்றது சரியா?" எண்டு கேட்டானாம். அவள் உடனே பதில் சொல்லவில்லை. "இரு, சேர்ந்து பார்ப்பம்" எண்டு பக்கத்தில் இருந்தாளாம்.

உங்கட வீட்டிலும் ஆராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். இந்த முறை ஆப் பெயர் அனுப்ப மாட்டேன். ஆனால் உயிர் ஆபத்து எண்டு தெரிந்தால், ஆயுதம், பயணத் திட்டம், ஆரையும் தாக்கப் போவதாகப் பேச்சு, இதில் எது இருந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே 911ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த வாரம் வழமை போல இலகுவான விஷயம். பழைய லப்டொப்பில் லினக்ஸ் போடுவம்.

அன்புடன்,
கர்க்லாண்ட் பேஸ்மென்டில் இருந்து